கடல் கேபிளுக்குக் காணி கேட்கிறார்களா? பதிவுக் காசு கொடுக்காதீர்கள்

கேள்வி: அளம்பில் கரைப்பக்கம் அப்பாவின் பேரில் ஒன்றரை ஏக்கர் பேர்மிட் காணி (அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி) இருக்கிறது. வெளிநாட்டுக் கொம்பனி ஒன்று கடலடிக் கேபிளை முல்லைத்தீவில் கரையேற்றப் போகிறதாம், காணியை 30 வருடக் குத்தகைக்கு எடுக்குமாம் என்று ஒருவர் வந்து சொல்கிறார். பெயர் பதிய 75,000 ரூபாவும் பேர்மிட் பிரதியும் கேட்கிறார். கனடாவில் இருக்கும் அண்ணா காசு அனுப்பத் தயார். கொடுக்கலாமா? (வாசகி, முல்லைத்தீவு)

பதில்: கொடுக்க வேண்டாம். அண்ணாவுக்கு இன்றைக்கே கோல் எடுத்து மறித்துவிடுங்கள். காரணத்தைப் பிறகு ஆறுதலாகச் சொல்லலாம்.

நாட்டுக்கு நாடு இணையம் கொண்டுபோகிற கடலடிக் கேபிளைச் செய்து போடுகிற பெரிய கொம்பனிகளை விரல்விட்டு எண்ணலாம். அமெரிக்காவின் சப்கொம், பிரான்சின் அல்கட்டெல், ஜப்பானின் என்ஈசி, சீனாவின் எச்எம்என். இவர்கள் கட்டிக் கொடுப்பவர்கள் மட்டுமே. சொந்தக்காரர் வேறு. பல நாட்டுத் தொலைபேசிக் கொம்பனிகள் கூட்டாகக் காசு போட்டுக் கேபிளை வைத்திருக்கும். இப்போது கூகுள், மெட்டா போன்றவையும் தாங்களே காசிறக்குகின்றன. மாத்தறையில் ஏறும் சீமீவி 5 கேபிளைப் பாருங்கள். சிங்கப்பூரிலிருந்து பிரான்ஸ் வரை சுமார் 20,000 கிலோமீட்டர். அல்கட்டெலும் என்ஈசியும் கட்டியது. அந்தக் கூட்டில் இலங்கைப் பங்காளி சிறீலங்கா ரெலிகொம். கரையேற்றுகிற வேலையை அந்தந்த நாட்டில் அனுமதிப்பத்திரம் உள்ள பங்காளிதான் பார்க்கும். வெளிநாட்டுக் கொம்பனி புரோக்கர் வைத்து வேலி வேலியாகக் காணி தேடுவதில்லை.

இன்றைக்கு வன்னிக் கரையில் எந்தச் சர்வதேசக் கேபிளும் ஏறவில்லை. கொழும்பு, கல்கிசை, மாத்தறை என்று எல்லாம் மேற்கிலும் தெற்கிலும்தான். ஐரோப்பாவுக்கும் சிங்கப்பூருக்கும் இடையில் போகும் கேபிள்கள் தீவின் தெற்கால் போகின்றன, கிளை பிரிக்க அந்தப் பக்கம் கிட்ட. மாங்குளத்திலோ புதுக்குடியிருப்பிலோ உங்கள் போனுக்கு வரும் இணையம் அங்கே கரையேறி, தரைவழியாக வடக்கே வருகிறது.

சரி, நாளைக்கே முல்லைத்தீவில் ஒரு கேபிள் ஏறினாலும் அதற்கு ஏக்கர் கணக்கில் காணி தேவையில்லை. ஆழ்கடலில் கேபிள் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் பைப்பின் தடிப்புத்தான். கரைக்குக் கிட்ட வரும்போது நங்கூரமும் இழுவைமடியும் அறுக்காமல் இருக்க மேலே இரும்புக் கம்பி சுற்றியிருக்கும். மணலுக்கடியால் வந்து ஒரு கொங்கிறீற் குழிக்குள் இறங்கும். குழியின் மூடிக்கு மேலால் நீங்கள் நடந்து போனாலும் கவனிக்க மாட்டீர்கள். அங்கிருந்து றோட்டோரம் கிடங்கு வெட்டி, உள்ளே தள்ளியுள்ள கட்டடத்துக்குக் கொண்டுபோவார்கள். அதோடு உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கமாக 300 மீட்டர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டுவதற்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். உங்கள் படலையடியில் நிற்பவர் அதை எங்கிருந்து எடுத்துத் தருவார்?

எனக்கு 75,000 ரூபாவைவிடப் பேர்மிட் பிரதியைப் பற்றித்தான் பயம். பேர்மிட் காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் விற்கவோ குத்தகைக்குக் கொடுக்கவோ முடியாது. நொத்தாரிசு எத்தனை முத்திரை ஒட்டி எழுதினாலும் அந்தக் கடதாசி செல்லாது. ஆனால் செல்லாத கடதாசியை வைத்தே வேலி போட்டு, பிறகு வழக்கென்று உங்களை வருடக்கணக்கில் அலைக்கழிக்கலாம். இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, எல்லை தேடி மீட்ட காணி. அப்பா ஒரு வெற்றுத்தாளிலும் கையெழுத்து வைக்கக் கூடாது.

ஒரு விஷயத்தைப் பிரித்து விளங்க வேண்டும். தொலைபேசி ரவருக்குக் கொம்பனிகள் உண்மையாகவே காணி வாடகைக்கு எடுக்கின்றன. ஊரில் அப்படி வாடகை வாங்குகிற ஒருவரைத் தெரிந்திருப்பீர்கள். புரோக்கர்மார் அந்த உண்மையைக் காட்டித்தான் இந்தப் பொய்யை நம்பவைக்கிறார்கள். ரவர் என்றால் கொம்பனியின் ஆள் வந்து இடம் பார்ப்பார், அளப்பார், ஒப்பந்தம் கொம்பனியின் பேரிலேயே இருக்கும், வாடகை வங்கிக்கு வரும். காசு அவர்களிடமிருந்து உங்களுக்கு வரும். உங்களிடமிருந்து ஒரு ரூபாவும் போகாது. பதிவு, ஆய்வு, கோப்பு என்று எந்தப் பெயரிலும் போகாது. ரவர் என்றாலும் பேர்மிட் காணிக்குப் பிரதேச செயலாளரின் அனுமதி வேண்டும். இதையும் கேபிளையும் கலக்க விடாதீர்கள்.

இவ்வளவையும் தமிழில் ஒரு பக்கத்தில் அடித்து, பிரதேச செயலகச் சுவரிலும் கிராம அலுவலர் வாசலிலும் ஒட்டிவைக்க என்ன செலவாகும்? எந்தக் கேபிள், எந்தக் கரை, யாருக்கு அனுமதி என்பது கொழும்பில் ஒரு கோப்புக்குள் கிடக்கிறது. அந்த இடைவெளியில்தான் புரோக்கர் பிழைக்கிறார். நம்முடைய சனம் படிப்பறிவில்லாமல் ஏமாறவில்லை, கேட்ட இடத்தில் பதில் கிடைக்காமல் ஏமாறுகிறது.

ஆனாலும் கேட்க வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதுங்கள். "முல்லைத்தீவு மாவட்டத்தில் கடலடிக் கேபிள் கரையேற்ற யாருக்காவது அனுமதி வழங்கப்பட்டுள்ளதா? யாருக்கு?" இரண்டே கேள்வி போதும். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.

அந்த ஆள் திரும்பி வந்தால் கொம்பனியின் கடிதத் தலைப்பில் எழுத்துமூலம் தரச் சொல்லுங்கள். பேர்மிட் பிரதியை ஏற்கெனவே கொடுத்திருந்தால், கொடுத்த திகதி, ஆளின் பெயர், தொலைபேசி இலக்கம் எல்லாம் எழுதிப் பிரதேச செயலகத்தின் காணிப் பகுதியில் கடிதமாகக் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். காசும் கொடுத்திருந்தால் பொலிஸ் முறைப்பாட்டு இலக்கத்தையும் அதே கடிதத்தில் சேருங்கள்.