தனியாகச் சாப்பிட ஒரு நாற்காலி

கேள்வி: வேலைக்காகப் பெரிய நகரத்துக்கு வந்து 8 மாதம் ஆகிறது. தனியாகத் தங்கியிருக்கிறேன். வாரத்தில் மூன்று நாலு நாள் வெளியில்தான் சாப்பாடு. என் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகிற ஓட்டல்களில் இரைச்சல் தாங்கவில்லை. அமைதியான இடங்களுக்குப் போனால் பில்லைப் பார்த்துப் பயமாக இருக்கிறது. போதாக்குறைக்கு, தனியாக உட்கார்ந்தால் எல்லோரும் என்னையே பார்ப்பதுபோல் தோன்றுகிறது. இப்போதெல்லாம் பார்சல் வாங்கிக்கொண்டு அறைக்கு வந்துவிடுகிறேன். நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட ஓர் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: பார்சலைப் பிரித்து அறையில் சாப்பிடுவதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் நீங்கள் அதை விரும்பிச் செய்யவில்லை என்பது கடிதத்தில் நன்றாகவே தெரிகிறது. அதனால் கேட்டதற்கே வருகிறேன்.

இவ்வளவு எழுதிய நீங்கள், எத்தனை மணிக்குச் சாப்பிடப் போகிறீர்கள் என்பதை எழுதவில்லை. ஊரே பசியோடு கிளம்புகிற நேரத்துக்குத்தான் நீங்களும் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். மதியம் ஒன்றேகாலுக்குச் சந்தைக்கடையாக இருக்கிற அதே ஓட்டலில் இரண்டரை மணிக்கு மின்விசிறிச் சத்தம் கேட்கும். இரவில் என்றால் கூட்டம் சேர்வதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். ரொம்பத் தாமதமாகப் போகாதீர்கள். நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பக்கத்து டேபிள்மேல் நாற்காலியைக் கவிழ்த்து வைத்து, காலடியில் ஈரத்துடைப்பத்தை இழுத்தால் என்ன நிம்மதி?

ஒரு மணி நேரம் முன்பின் ஆனால் அத்தனை வித்தியாசமா என்று கேட்கலாம். இருக்கிறது. சுற்றிலும் சத்தம் கூடினால் நாம் நம்மை அறியாமலே குரலை உயர்த்திவிடுகிறோம். எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இல் எழுதிய விஷயம் இது. இன்றும் அவர் பெயரிலேயே வழங்குகிறது. பாதி நிறைந்த ஓட்டலில் இன்னும் பத்துப் பேர் வந்து உட்கார்ந்தால் அந்தப் பத்துக் குரல் மட்டும் கூடுவதில்லை. ஏற்கெனவே இருந்தவர்களும் குரலை ஏற்றுவார்கள், அதைக் கேட்டு வந்தவர்கள் இன்னும் ஏற்றுவார்கள். அந்த ஏற்றம் தொடங்கும் முன் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம், உள்ளே நுழைந்ததும் மெனுவுக்கு முன்னால் கூரையைப் பாருங்கள். டைல்ஸ் தரை, கண்ணாடிச் சுவர், பூசாத சிமென்ட் கூரை மூன்றும் சேர்ந்தால் ஒரு கரண்டி விழுந்தாலும் அறை முழுக்கக் கேட்கும். திரைச்சீலை, மெத்தை வைத்த நாற்காலி, மேஜைத்துணி, மரத்தடுப்பு இவையெல்லாம் கொஞ்சமாவது சத்தத்தை வாங்கிக்கொள்ளும். பார்க்கப் பளபளவென்று இருக்கிற புது இடங்கள் பலவும் காதைப் பிளப்பது இதனால்தான். விலை கூடினால் சத்தம் குறையும் என்று நம்பிப் பணத்தை விட்டவன் நான். இரண்டு ஓட்டல்களை ஒப்பிட வேண்டுமானால் போனில் சத்தத்தை அளக்கும் செயலிகள் இருக்கின்றன. துல்லியம் கிடையாது, ஆனால் இதற்குப் போதும். சாதாரணப் பேச்சு 60 டெசிபல் அளவில் இருக்கும். 10 டெசிபல் கூடினாலே காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரியும்.

நாற்காலி விஷயத்தில் என் முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஓர் ஓட்டலில் இரண்டு மாதம் ஒரே டேபிளில் உட்கார்ந்து, "சே, என்ன இரைச்சல்" என்று புலம்பிக்கொண்டே சாப்பிட்டேன். சமையலறைக் கதவு என் முதுகுக்குப் பின்னால் ஆடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் உள்ளேயிருந்து பாத்திரம் உருளும் சத்தம், கூடவே யாரோ யாரையோ திட்டும் சத்தம். ஒரு நாள் அந்த டேபிளில் வேறு யாரோ இருந்ததால் தூணுக்கு அந்தப் பக்கம், இரண்டு பேர் உட்காரும் சின்ன டேபிளுக்குப் போனேன். அங்கே புத்தகம் படிக்கலாம் போலிருந்தது! நடுவில் இருந்தது பத்தடி தூரமும் ஒரு தூணும்தான். ஆகவே சமையலறைக் கதவு, கை கழுவும் இடம், கல்லா, ஸ்பீக்கர் இந்த நாலுக்கும் எட்டி உட்காருங்கள். பார்சல் கவுன்ட்டர் இருந்தால் அதற்கும். முதுகுக்குப் பின்னால் சுவர் இருந்தால் இன்னும் நல்லது.

கூட்ட நேரத்தில் நாலு பேர் டேபிளில் ஒருவர் உட்கார்ந்தால் ஓட்டல்காரருக்கு நஷ்டம். அதனால்தான் உங்களை மூலைக்குத் தள்ளுகிறார்கள், எதிரில் வேறு யாரையாவது உட்கார வைக்கிறார்கள். உங்கள்மேல் அவர்களுக்குக் கோபம் எதுவும் இல்லை. கூட்டமில்லாத நேரத்தில் "அந்த ஓரத்து டேபிள் கிடைக்குமா?" என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் கிடைக்கும். "ஒருத்தர்தானா?" என்று கேட்பார்கள். அந்த "தானா" உறுத்தத்தான் செய்யும். "ஆமாம்" என்று சொல்லிவிட்டு உட்காருங்கள்.

செலவுக்கு வருவோம். பிரதான சாலையில் தரைத்தளத்தில் இருக்கிற ஓட்டலின் வாடகையில் ஒரு பங்கு உங்கள் பில்லிலும் இருக்கிறது. உள்தெருவிலும் மாடியிலும் தேடுங்கள். தெருச் சத்தமும் அங்கே குறைவு. பல இடங்களில் அதே சமையலறையின் மதியச் சாப்பாடு இரவைவிட மலிவு. அருங்காட்சியகம், நூலகம், மருத்துவமனை, பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் வெளியாட்களையும் அனுமதிக்கிற கேன்டீன் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். தனியாகச் சாப்பிடுகிறவர் அங்கே அதிசயமே இல்லை.

எல்லோரும் பார்க்கிறார்கள் என்கிறீர்கள். தாமஸ் கிலோவிச் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2000இல் வெளியிட்ட ஒரு சோதனை உண்டு. போட்டுக்கொள்ளக் கூச்சமாக இருக்கும் படம் அச்சிட்ட டி-ஷர்ட்டை மாட்டிவிட்டு, மாணவர்களை ஒவ்வொருவராக மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று அந்த மாணவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தது கால்வாசிப் பேர்தான். சும்மா தனியாகச் சாப்பிடுகிற உங்களை அத்தனை பேர்கூடப் பார்க்க மாட்டார்கள். நீங்கள் ஆணா பெண்ணா என்று எழுதவில்லை. பெண் என்றால், யாராவது நிஜமாகவே முறைத்துப் பார்க்கிற இடமும் இருக்கும். அங்கே மன தைரியத்தை வளர்த்துக்கொண்டு உட்கார வேண்டிய அவசியம் இல்லை. இடத்தை மாற்றுங்கள், அல்லது கல்லாவில் சொல்லுங்கள்.

பிடித்த இடம் அமைந்தால் அதே நேரத்துக்கு, அதே டேபிளுக்கு நாலைந்து தடவை போங்கள். முகம் பழகிவிட்டால் கேட்காமலே அங்கே உட்கார வைப்பார்கள். விடுமுறை நாள் மட்டும் வேண்டாம். குடும்பம் குடும்பமாக வந்திருப்பார்கள், எந்த மூலைக்குப் போனாலும் தப்பிக்க முடியாது. அன்றைக்குப் பார்சலே சரி.