நிலத்தின் ஊடே ஓடும் வாய்க்கால் நீர் யாருக்குரியது?

வணக்கம். கொலராடோவில் போல்டருக்கு வடக்கே நீங்கள் வாங்கிய ஐந்து ஏக்கரின் ஊடே வாய்க்கால் ஓடுவதால், சிறு மோட்டார் வைத்துத் தோட்டத்துக்கு இறைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாய்க்காலை வைத்து நடத்தும் நிறுவனத்தில், நீரைப் பெறும் உரிமை தரும் பங்கு இல்லாமல் ஒரு குடம்கூட இறைக்க இயலாது.

கரையில் நிலம் இருப்பது கொலராடோவில் நீருரிமை ஆகாது. முதலில் எடுத்துப் பயன்படுத்தியவருக்கே முன்னுரிமை. தெற்கு செயின்ட் விரெய்ன் ஓடையின் நீரை மேட்டைக் கடத்தி லெஃப்ட் ஹேண்ட் ஓடைக்குத் திருப்பிய நிறுவனத்தின் அணையை 1879இல் கீழ்ப்பகுதி விவசாயிகள் உடைத்தபோது எழுந்த வழக்கில், நீர் வேறொரு வடிநிலத்துக்குப் போவதனாலேயே உரிமை போய்விடாது என்று 1882இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்த்தது. உங்கள் வட்டாரத்து வழக்குதான் இது!

ஆகவே முதலில் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். பங்குகள் அதில் குறிப்பிடப்படாமலும் தனியே மாற்றப்படாமலும் இருந்தால், அவை விற்றவரிடமே தங்கியிருக்கக்கூடும். பங்கு கிடைத்தாலும், பாசனத்துக்கெனத் தீர்ப்பில் உரிமை தரப்பட்ட நீரை வேறு பயனுக்கு மாற்ற, நீருரிமை வழக்குகளுக்கென்றே உள்ள நீர் நீதிமன்றத்தை அணுக வேண்டும். அங்கே கணக்கிடப்படுவது மடையில் எடுத்த அளவன்று, பயிர் உண்மையில் உறிஞ்சிய அளவு. திறந்த வாய்க்காலைக் குழாய்வழியாக மாற்ற நினைத்தால், அதற்கும் நிறுவனத்தின் சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ தேவை. வேலி போடுவதாக இருந்தால், அதற்கு முன்பே, மதகைத் திறந்து மூட வரும் பணியாளரிடம் ஒருமுறை பேசிவிடுங்கள்.