கடலடி மண்ணில் நெமற்றோட் புழுக்கள் ஏன் ஓரிடத்தில் கூட்டமாகவும் பக்கத்திலேயே குறைவாகவும் இருக்கின்றன?

நெமற்றோட் என்பது நூல் போன்ற உருளைப்புழு. கடலடி மண்ணில் வாழ்பவை பெரும்பாலும் ஓரிரு மில்லிமீற்றர்தான். ஒரு சதுர மீற்றரில் 10 இலட்சத்தைத் தாண்டுவது சாதாரணம். ஆனால் சில சென்ரிமீற்றர் தள்ளினாலே எண்ணிக்கையும் இனங்களும் மாறிவிடும்.

காரணம் சாப்பாடும் ஒட்சிசனும். சேற்றில் சில மில்லிமீற்றர் ஆழத்திலேயே ஒட்சிசன் தீர்ந்து மண் கறுத்துவிடும். அங்கே ஒரு நண்டு வளை தோண்டினால் சுவரோரமாக ஒட்சிசன் உள்ள நீர் இறங்கும், பற்றீரியா பெருகும், அதைத் தின்னப் புழுக்களும் சேரும். வெள்ளவத்தையில் மாலையானால் கொத்துக்கடை வாசலில் சனம் நெரிய, பக்கத்துக் கடை ஈயோட்டுமே, அதே கதைதான். புழுக்களின் குஞ்சுகளும் மண்ணிலேயே பொரிப்பதால், அலை கிளறினாலொழிய அதிக தூரம் போவதில்லை.

அப்புறம், நெமற்றோட் என்றதும் பூச்சிக் குளிசையை நினைக்க வேண்டாம். கடலடி மண்ணில் இருப்பவற்றில் பெரும்பாலானவை தம்பாட்டில் வாழ்பவை, ஒட்டுண்ணிகள் அல்ல.