பங்க், ஸ்காண்டிநேவிய எக்ஸ்ட்ரீம் மெட்டல் இசையில் வகைப் பெயர்களுக்காகச் சண்டை போடுவதில் ஏதாவது பொருள் இருக்கிறதா?

உங்கள் கேள்வியின் சுருக்கம் இது. நார்வேயின் டார்க்த்ரோன் குழு 2006-ல் வெளியிட்ட 'தி கல்ட் இஸ் அலைவ்' ஆல்பம் பிளாக் மெட்டல்தான், அதாவது கிறீச்சிடும் குரலும் இரைச்சலான பதிவும் கொண்ட இருண்ட மெட்டல்தான், என்கிறார் உங்கள் நண்பர். அது பங்க், அதாவது எளிய, வேகமான, முரட்டு ராக், என்கிறீர்கள் நீங்கள். வாக்குவாதம் முடியாமல் சலித்துப்போய், "காதுக்குப் பிடித்தால் போதாதா, பெயர் எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெயர் வேண்டும். யார் யாரைக் கேட்டு வளர்ந்தார்கள் என்ற வரலாறு இந்த இசையில் பெரும்பாலும் பெயர்களில்தான் தங்கியிருக்கிறது. இங்கிலாந்தின் ஒரு தொழில் நகரத்தில் பிறந்த டிரம் தாளம் சுவீடனுக்குப் போய் அங்கே வேரூன்றியது. அதைப் பேசுவதற்கு ஒரு பெயர் இல்லாவிட்டால் அந்தப் பயணமே நம் கண்ணில் படாது. ஆகவே சண்டை போடுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் எதை வைத்து அளக்கிறோம் என்பதை முதலில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். பெரும்பாலான சண்டைகள் அங்கேதான் கெட்டுப்போகின்றன.

இந்தப் பெயர்கள் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல. டி-பீட் என்பது ஒரு தாளத்தின் பெயர். கோத்தன்பர்க் ஒரு சுவீடன் ஊரின் பெயர், அங்கே உருவான டெத் மெட்டலுக்கு (அடித்தொண்டை உறுமலும் கனத்த கிடாரும் கொண்ட மெட்டல்) அது பெயரானது. அழுக்கான, கனத்த பங்க்குக்கு வழங்கும் கிரஸ்ட் என்ற பெயர் ஹெல்பாஸ்டர்ட் என்ற ஆங்கிலேயக் குழு 1986-ல் வெளியிட்ட டெமோ என்ற மாதிரிப் பதிவின் தலைப்பிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். பிளாக் மெட்டல் என்பது வெனம் குழுவின் 1982 ஆல்பத்தின் தலைப்பு. பிறகு அது ஒரு நம்பிக்கையின் பெயரானது, அதற்கும் பிறகு ஒரு ஒலியின் பெயரானது. ஒருவர் தாளத்தை மனதில் வைத்துப் பேசுகிறார், இன்னொருவர் பாடல் வரியை மனதில் வைத்துப் பேசுகிறார். விடிய விடியப் பேசினாலும் இருவரும் சந்திக்கப் போவதில்லை.

என் வழக்கம், முதலில் டிரம்மைக் கேட்பது. கிடார் ஒலியைக் கருவியை மாற்றி மாற்றிவிடலாம், குரலையும் பழக்கிக்கொள்ளலாம். ஒரு குழு எங்கிருந்து வந்தது என்பதை டிரம்மர் மறைப்பது கடினம்.

டிஸ்சார்ஜ் 1977-ல் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட்டில் தொடங்கிய குழு. பீங்கான் தொழிலுக்குப் பெயர்போன ஊர் அது. 1982-ல் வந்த 'ஹியர் நத்திங் சீ நத்திங் சே நத்திங்' ஆல்பத்தில் பாடல்கள் சின்னஞ்சிறியவை, வரிகள் சில சொற்களே, பொருள் முழுக்கப் போரும் அணுகுண்டும். அந்தத் தாளத்தை இப்படிப் பிடிக்கலாம். எட்டு எண்ணிக்கை கொண்ட ஒரு சுற்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றிலும் ஏழிலும் குச்சியால் அடிக்கும் ஸ்னேர் டிரம். ஒன்றிலும் நான்கிலும் ஆறிலும் காலால் மிதிக்கும் பெரிய டிரம். வாயால் சொன்னால்: டும் – டக் டும் – டும் டக் –. சாதாரண பங்க் தாளத்தில் டும்மும் டக்கும் மாறி மாறி நேராக விழும். இங்கே ஸ்னேர் அடித்த கையோடு ஒரு மிதி. அடுத்த ஸ்னேருக்குச் சற்று முன்னால் இன்னொரு மிதி. ஒவ்வொரு சுற்றும் அடுத்த சுற்றை முன்னால் தள்ளிக்கொண்டே போகிறது. தொடையில் தட்டிப் பாருங்கள், சீக்கிரமே பிடிபட்டுவிடும். பஸ்காக்ஸ் என்ற ஆங்கிலேய பங்க் குழுவின் 1978 ஆல்பத்தில் 'யூ டேர் மீ அப்' என்ற பாடலில் இதற்கு ஒரு முன்னோடியைக் கேட்கலாம். ஆனால் இதையே தொழிலாகக் கொண்டு ஒரு முழு ஆல்பத்தை நிறைத்தவர்கள் டிஸ்சார்ஜ்தான். டி-பீட்டில் இருக்கும் 'டி' அவர்களுடையது.

இந்தத் தாளம் சுவீடனில் பிடித்ததுபோல் வேறெங்கும் பிடிக்கவில்லை என்றே நினைக்கிறேன். ஷோவ்டே நகரத்தின் ஆன்டி சைமெக்ஸ் 1981-ல் தொடங்கியது. ஸ்டாக்ஹோமின் மாப் 47 குழு 1984-ல் வெளியிட்ட இசைத்தட்டின் தலைப்பிலேயே அணு ஆயுதம் இருந்தது. டிஸ்சார்ஜை இன்னும் வேகமாக, இன்னும் கரடுமுரடாக வாசித்தார்கள். பின்னால் வந்த குழுக்கள் பெயரின் முன்னொட்டைக்கூட விட்டுவைக்கவில்லை: டிஸ்ஃபியர், டிஸ்சேஞ்ச். கேலிக்குரிய நகல் என்று இதைச் சிலர் ஒதுக்குவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. யாரிடம் கற்றுக்கொண்டோம் என்பதைப் பெயர்ப் பலகையிலேயே எழுதி வைக்கும் நேர்மை எத்தனை இசையில் இருக்கிறது?

அடுத்தது கிடார். ஸ்டாக்ஹோமில் தாமஸ் ஸ்கோக்ஸ்பெர்க் நடத்திய சன்லைட் ஸ்டூடியோவில் என்டூம்ப்ட் குழு 'லெஃப்ட் ஹேண்ட் பாத்' ஆல்பத்தைப் பதிவு செய்து 1990-ல் வெளியிட்டது. அடுத்த ஆண்டு டிஸ்மெம்பர் குழுவின் 'லைக் ஆன் எவர்ஃப்ளோயிங் ஸ்ட்ரீம்' வந்தது. இரண்டிலும் கிடார் மரம் அறுக்கும் இயந்திரம் போல ஒலிக்கும். அந்த ஒலிக்குக் காரணம் பாஸ் என்ற இசைக்கருவி நிறுவனம் 1983-ல் சந்தைக்குக் கொண்டுவந்த, கிடார் ஒலியைக் கரகரப்பாக்கும் எச்எம்-2 என்ற சின்னப் பெடல். அதில் நான்கு குமிழ்கள்: ஒலியளவுக்கு ஒன்று, அடித்தொனிக்கு ஒன்று, மேல்தொனிக்கு ஒன்று, கரகரப்புக்கு ஒன்று. நிதானமாக வாசிப்பவர்கள் பாதியளவில் வைப்பார்கள். ஸ்டாக்ஹோம் பையன்கள் நான்கையும் கடைசிவரை திருப்பிவிட்டார்கள். அவ்வளவுதான் இரகசியம். சுவீடன் டெத் மெட்டல் என்று இன்று நாம் சொல்லும் ஒலியின் பாதி அந்த நான்கு குமிழ்களில் இருக்கிறது.

இந்த இடத்தில்தான் பங்க்குக்கும் மெட்டலுக்கும் நடுவே எழுப்பிய சுவர் இடிகிறது. டிஸ்ஃபியரின் 2008 ஆல்பம் 'லிவ் த ஸ்டார்ம்' கேளுங்கள். பாடுபவர் அட் த கேட்ஸ் குழுவின் தாமஸ் லின்ட்பெர்க். கிடார் வாசிப்பவர்களில் ஒருவர் என்டூம்ப்டில் இருந்த உஃபே செடர்லுண்ட். சுவீடன் டெத் மெட்டலின் இரண்டு பெரிய குழுக்களின் ஆட்கள் ஒரே ஆல்பத்தில். என் கைப்பேசியில் உள்ள இசைச் செயலி அதை 'மெட்டல்' என்ற தட்டில் கொண்டுபோய் வைத்திருக்கிறது, ஆட்களைப் பார்த்து முடிவு செய்திருக்கும் போலிருக்கிறது. டிரம்மைக் கேட்டால் ஐயத்துக்கே இடமில்லை: அது பங்க் ஆல்பம். லின்ட்பெர்க்கும் அட் த கேட்ஸின் டிரம்மர் ஏட்ரியன் எர்லாண்ட்சனும் ஸ்கிட்சிஸ்டம் என்ற கிரஸ்ட் குழுவிலும் இருந்தார்கள். மெட்டல்காரர்கள் ஓய்வு நேரத்தில் பங்க் வாசித்தார்கள் என்று இதை எழுதுவார்கள். எனக்கு அது தலைகீழாகத் தெரிகிறது. 1995-ல் வந்த அட் த கேட்ஸின் 'ஸ்லாட்டர் ஆஃப் த சோல்' ஆல்பத்தின் வேகமான இடங்களில் டும்டக் டும்டக் என்று நேராக ஓடும் டிரம்மைக் கேளுங்கள். ஹார்ட்கோர் பங்க், அதாவது பங்க்கின் இன்னும் வேகமான முகம், அவர்கள் உடம்பில் முன்பே இருந்தது.

கோத்தன்பர்க் என்ற ஊர்ப் பெயரை நான் அதிகம் மதிப்பதில்லை. அட் த கேட்ஸும் இன் ஃபிளேம்ஸும் ஒரே ஊர் என்பது உண்மை. 1996-ல் வந்த இன் ஃபிளேம்ஸின் 'த ஜெஸ்டர் ரேஸ்' ஆல்பத்தில் இரட்டைக் கிடார் மெட்டுகள் அயர்ன் மெய்டன் என்ற ஆங்கிலேய ஹெவி மெட்டல் குழுவை நோக்கிப் போகின்றன. அட் த கேட்ஸ் வேறு திசையில் போகிறது. ஊர் ஒன்று என்பதற்காக ஒரே பெட்டியில் போட வேண்டியதில்லை.

இனி பிளாக் மெட்டல். இங்கேதான் வாதம் சூடாகும், சூடாக நியாயமும் உண்டு. பெயரைக் கொடுத்த வெனம் நியூகாசில் குழு. அந்த ஆல்பத்தை இன்று கேட்டால் மோட்டர்ஹெட் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் உறவினர் போல இருக்கும். நார்வே பனிக்காட்டை அது நினைவூட்டாது. ஒலியைத் தந்தவர் ஸ்டாக்ஹோமின் பாத்தரி, அதாவது குவார்தான் என்ற ஒரே மனிதரின் பிடிவாதம். 1984-ல் வந்த முதல் ஆல்பத்தில் எல்லாம் தேய்ந்துபோய், இரைச்சலுக்குள்ளிருந்து கேட்பதுபோல் ஒலிக்கிறது. தனக்குப் பிடித்தவர்களாக மோட்டர்ஹெட்டையும் ஜிபிஎச் என்ற ஆங்கிலேய பங்க் குழுவையும் குவார்தான் சொல்லியிருக்கிறார். அந்த ஆல்பத்தின் டிரம்மைக் கேட்டால் அது புரியும். நார்வேக்காரர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடிய ஆல்பத்தின் அடியிலேயே பங்க் ஓடிக்கொண்டிருந்தது.

நார்வேயின் மேஹெம் குழுவின் யூரோனிமஸ் வேறொரு அளவுகோலைக் கொண்டுவந்தார். 1991-ல் ஆஸ்லோவில் 'ஹெல்வெத்தே' என்ற இசைத்தட்டுக் கடையைத் திறந்து, நார்வே இளைஞர்களை அங்கே கூட்டியவர் அவர். பாடல் வரியில் சாத்தான் இருந்தால்தான் பிளாக் மெட்டல், ஒலி எப்படியிருந்தாலும் சரி என்பது அவர் கட்சி. அந்த அளவுகோலின்படி வெனம் உள்ளே வருகிறது. வைக்கிங்குகளைப் பாடும் பாத்தரியின் 1990 ஆல்பம் 'ஹாம்மர்ஹார்ட்' வெளியே போகிறது. ஒலியை வைத்து அளந்தால் வெனமே வெளியே போகிறது. உங்கள் நண்பர் இந்த இரண்டில் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று கேட்டுப் பார்த்தீர்களா?

நம்பிக்கையை வைத்துப் பெயரிட்டதால் வந்த கேட்டையும் சொல்ல வேண்டும். 1992-ல் பெர்கன் அருகே ஃபான்டாஃப்ட் மரத் தேவாலயம் எரிக்கப்பட்டது. 1993 ஆகஸ்டில் யூரோனிமஸ் கொலை செய்யப்பட்டார். கொன்றவர் இன்னொரு இசைக்கலைஞரான வர்க் விகர்னெஸ். 1994-ல் டார்க்த்ரோனின் 'ட்ரான்சில்வேனியன் ஹங்கர்' வெளிவந்தபோது பின்னட்டையில் 'நார்வேயின் ஆரிய பிளாக் மெட்டல்' என்ற பொருளில் ஒரு வாசகம் இருந்தது. பின்னாளில் குழு அதற்கு வருத்தம் தெரிவித்தது. நிறவெறியை ஒரு வகைப் பெயருக்குள் ஒளித்து வைத்துவிட்டு, 'இதுதான் உண்மையான பிளாக் மெட்டல்' என்று காவல் காத்தவர்கள் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். சுவீடன் பங்க்காரர்கள் அதே ஆண்டுகளில் போருக்கும் பாசிசத்துக்கும் எதிராகப் பாடிக்கொண்டிருந்தார்கள். இப்படிப்பட்ட இடத்தில் 'பெயரில் என்ன இருக்கிறது' என்று கடந்து போவது எனக்கு ஒப்பவில்லை. வாதிட்டே தீர வேண்டும்.

உங்கள் வழக்குக்கு வருகிறேன். டார்க்த்ரோன் தொடங்கியது டெத் மெட்டலில். 1991-ல் வந்த முதல் ஆல்பம் 'சோல்சைட் ஜர்னி' பதிவானது அதே சன்லைட் ஸ்டூடியோவில். 1992-ல் 'எ பிளேஸ் இன் த நார்தர்ன் ஸ்கை' வந்தபோது, டெத் மெட்டலை எதிர்பார்த்திருந்த அவர்களின் இசைத்தட்டு வெளியீட்டு நிறுவனமான பீஸ்வில் தயங்கியது. நியாயமான தயக்கம்தான், ஆனால் அந்த ஆல்பத்திலேயே பழைய டெத் மெட்டல் கிடார்த் துண்டுகள் மிச்சமிருக்கின்றன, கேட்டால் தெரியும். 'ட்ரான்சில்வேனியன் ஹங்கர்' தலைப்புப் பாடலில் டிரம் ஆறு நிமிடத்துக்கு ஏறத்தாழ மாறாமல் ஒரே வேகத்தில் ஓடும், மேலே கிடார் மட்டும் மெல்ல மெல்லத் திரும்பும். ஒலியால் அளந்தால் நார்வே பிளாக் மெட்டலுக்கு இதைவிடச் சுத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

டார்க்த்ரோனின் அந்த இருவர், ஃபென்ரிஸும் நோக்டூர்னோ குல்டோவும், 2006-ல் செய்தது என்ன? அந்த இடைவிடாத டிரம்மைப் பெருமளவு கைவிட்டார்கள். பங்க், ராக் தாளங்கள் வந்தன. குரலில் பழைய கரகரப்பு இருக்கிறது, பதிவின் அழுக்கும் இருக்கிறது. உங்கள் நண்பர் பிடித்துக்கொள்வது அந்தக் குரலையும் அழுக்கையும்தான். என் தீர்ப்பு உங்கள் பக்கம்: அது பங்க். மறு ஆண்டு வந்த 'எஃப்.ஓ.ஏ.டி.' இன்னும் வெளிப்படையாகவே பங்க். துரோகம் என்று சிலர் கூச்சல் போட்டார்கள். 1984 பாத்தரியின் அடியில் எது ஓடிக்கொண்டிருந்ததோ அதை இவர்கள் மேலே கொண்டுவந்தார்கள். அந்த இசையின் வேரை உரிமையோடு எடுத்து வாசித்ததற்குத் துரோகம் என்று பெயர் சூட்டினால், வேர் எது என்றே தெரியவில்லை என்றுதான் பொருள்.

கூட்டுப் பெயர்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கோத்தன்பர்க்கின் மார்ட்டிர்டோட் குழுவை 'பிளாக்கண்ட் கிரஸ்ட்' என்பார்கள். அந்தப் பெயரை நான் ஏற்கிறேன். டிரம் டி-பீட், அதன் மேல் ஓடும் மெல்லிய துயரமான கிடார் மெட்டு நார்வேயிலிருந்து வந்தது. பெயரின் இரண்டு பாதிக்கும் கேட்கக்கூடிய ஆதாரம் இருக்கிறது. ஆதாரம் காட்ட முடியாத கூட்டுப் பெயர்கள் விற்பனைக்காக ஒட்டப்பட்டவை, அவற்றை உரித்துப் போட்டுவிடலாம். அதிவேகமான குறும்பாடல்கள் கொண்ட கிரைண்ட்கோர் பங்க்கா மெட்டலா என்ற பழைய தகராறுக்கு நான் போகவில்லை, அது தனிப் பதில் கேட்கும். ஓரெப்ரூ நகரத்தின் நாசும் குழுவை மட்டும் கேட்டுவிடுங்கள். அதன் பாடகர் மியெஷ்கோ தலார்ச்சிக் 2004 டிசம்பர் 26-ல், நம் நாகப்பட்டினத்தையும் தாக்கிய அதே ஆழிப்பேரலையில், தாய்லாந்தில் உயிரிழந்தார். குழு அத்தோடு நின்றது. 2012-ல் ஒரு விடைபெறும் பயணத்துக்காக மீண்டும் கூடியது.

நண்பரோடு அடுத்த முறை உட்காரும்போது, டார்க்த்ரோனைத் தொடாதீர்கள். முதலில் டிஸ்சார்ஜின் 1982 ஆல்பம், அடுத்து பாத்தரியின் 1984 ஆல்பம், பிறகு 'தி கல்ட் இஸ் அலைவ்'. இந்த வரிசையில் கேட்ட பிறகும் அவர் மறுத்தால், எந்தப் பாடலில் எந்த இடத்தை வைத்து மறுக்கிறார் என்று கேட்டு எழுதுங்கள். அந்த இடத்தை நானும் கேட்டுவிட்டுப் பதில் சொல்கிறேன்.