ஆர்.எக்ஸ். 100 வாங்கலாமா? முதலில் கழுத்தைக் காட்டச் சொல்லுங்கள்!

போன மாதம் பழைய பைக்குகளின் விலை ஏன் இப்படி ஏறிக் கிடக்கிறது என்று ஒரு வாசகர் கேட்டார். பதில் எழுதினாலும் எழுதினேன், வருகிற கடிதங்களில் பாதிக்கு மேல் யமஹா ஆர்.எக்ஸ். 100 பற்றித்தான். 1985-ல் வந்து 1996-ல் நின்றுபோன வண்டி. 98 சி.சி., 11 குதிரைத்திறன், எடையோ நூறு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. முறுக்கினால் பறக்கும். திருடனுக்கும் அதே காரணங்களுக்காகத்தான் பிடிக்கிறது. எலெக்ட்ரானிக் பூட்டு கிடையாது, ஒரு உதையில் கிளம்பும், முழுசாக விற்க முடியாவிட்டால் பிரித்து விற்கலாம். இந்த வாரம் முழுக்க அந்தக் கடிதங்களே.

92 மாடல். 45 ஆயிரம் சொல்கிறார். ஆர்.சி. புக் தொலைந்துவிட்டதாம், ஜெராக்ஸ் வைத்திருக்கிறார். வாங்கலாமா? (ஈரோடு)

வேண்டாம்.

எம்பரிவாகன் என்ற அரசு ஆப்பில் நம்பரைப் போட்டுப் பார்த்தேன். ஓனர் பெயர், எஃப்.சி. (தகுதிச் சான்று) எல்லாம் சரியாக இருக்கிறது. இதற்கு மேல் என்ன பார்க்க வேண்டும்? (மதுரை)

ஆப் காட்டுவது ஆர்.சி.யின் கதையை. உங்கள் முன்னால் ஸ்டாண்டு போட்டு நிற்கிற வண்டி அந்த ஆர்.சி.க்கு உரியதுதானா என்பது ஆப்புக்குத் தெரியாது. இந்தத் தொழிலில் நடப்பது இதுதான்: விபத்தில் நொறுங்கிய, அல்லது காயலான் கடைக்குப் போன வண்டியின் ஆர்.சி.யை நாலைந்தாயிரத்துக்கு வாங்குவார்கள். பிறகு அந்த ஆர்.சி.க்குப் பொருத்தமாக ஒரு வண்டி 'தேடுவார்கள்'. எங்கே தேடுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. பழைய நம்பரை ராவிவிட்டு ஆர்.சி.யில் உள்ள நம்பரைப் பஞ்ச் அடித்துவிட்டால், ஆப்பில் எல்லாம் பச்சையாகத்தான் தெரியும்.

ஆகவே பகல் வெளிச்சத்தில் போங்கள். கையில் கொஞ்சம் மண்ணெண்ணெய் நனைத்த துணி, டார்ச், ஒரு வெள்ளைத் தாள், பென்சில். ஹேண்டில்பாருக்குக் கீழே ஃபிரேமின் கழுத்தில் சேசிஸ் நம்பர் அடித்திருக்கும். கிரீஸையும் அழுக்கையும் துடைத்துவிட்டு, டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். கம்பெனி அடித்த எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரியில் இருக்கும். கையால் அடித்தது ஒன்று மேலே, ஒன்று கீழே, ஒன்று ஆழமாக, ஒன்று லேசாக நிற்கும். எழுத்துக்கு அடியில் அரம் ஓடிய கோடுகள் தெரிந்தாலும், வண்டி முழுக்கப் பழைய பெயின்டாக இருக்க அந்த நாலு அங்குலம் மட்டும் பளபளத்தாலும் அங்கேயே சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எண்களைத் தாளில் பென்சிலால் தேய்த்து எடுத்து, ஆர்.சி.யோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள். இன்ஜின் நம்பருக்கும் இதே வேலை.

அதன்பிறகு தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 'வாகன் சமன்வய்' தேடலில் பதிவெண், சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் மூன்றையும் போட்டுப் பாருங்கள். போலீஸில் புகார் பதிவாகி, விவரம் ஏற்றப்பட்ட வண்டிகள் மட்டுமே அதில் வரும். 'இல்லை' என்று வந்தால் சந்தோஷப்படலாம்; துள்ளிக் குதிக்க வேண்டாம்.

விற்பவர் 'துடைக்கவெல்லாம் கூடாது, பெயின்ட் போயிடும்' என்றால் அதுவே பதில்.

ஆர்.சி.யில் 98 சி.சி. ஆனால் உள்ளே 135 இன்ஜின், '5 ஸ்பீட் பாஸ், சூப்பரா போகும்' என்கிறார்கள்... (சேலம்)

சூப்பராகப் போகும், சந்தேகமே இல்லை. அந்த இன்ஜின் யாருடைய ஆர்.எக்ஸ். 135-ல் இருந்து இறங்கியது, பில் எங்கே, ஆர்.டி.ஓ. ஆபீஸில் இன்ஜின் மாற்றம் பதிவாகியிருக்கிறதா? மூன்றுக்கும் காகிதம் இருந்தால் வாங்குங்கள். இருந்து நான் பார்த்ததில்லை.

பழைய பைக் விற்கும் ஒரு கன்சல்டிங் கடையில் 82 ஆயிரத்துக்கு ஆர்.எக்ஸ். வாங்கினேன். மூன்று மாதம் கழித்து போலீஸ் வந்து திருட்டு வண்டி என்று எடுத்துப் போய்விட்டார்கள். கடைக்காரர் 'நானும் தெரியாமல்தான் வாங்கினேன்' என்கிறார். வீட்டில் தலைகாட்ட முடியவில்லை... (திருப்பூர்)

வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை. கடை வைத்து, போர்டு மாட்டி, பில் கொடுத்து விற்றவர்தான்.

வண்டி திரும்பக் கிடைக்காது, அதைச் சொல்லிவிடுகிறேன். திருட்டுப் பொருளை விற்றவருக்கு உரிமையே இல்லாதபோது உங்களுக்கும் உரிமை வராது. ஆனால் பணம் வேறு விஷயம். 1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, விற்கும் உரிமை தனக்கு இருக்கிறது என்பது விற்பவர் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் சொன்னதாகவே அர்த்தம். அது பொய்த்தால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். 'எனக்கும் தெரியாது' என்பது அவர் தனக்கு வண்டி விற்றவரிடம் போய்ச் சொல்ல வேண்டிய வசனம்.

பில், ஜி-பே விவரம், வாட்ஸ்அப் பேச்சு, போலீஸ் கைப்பற்றியதற்கான நகல் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போடுங்கள். போலீஸ் கூப்பிட்டால் ஒளியாமல் போங்கள். திருட்டு வண்டி என்று தெரிந்தோ, தெரிந்துகொள்ளக் காரணம் இருந்தோ வாங்கினால்தான் குற்றம். சந்தை விலை கொடுத்து, வங்கி மூலம் பணம் செலுத்தி, பில்லோடு வாங்கியவர் என்பதை உங்கள் ஃபைலே சொல்லும். கடைக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பிவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுங்கள். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்தால் வழி சொல்வார்கள். இன்னொன்று: 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி வியாபாரிகள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் பெற வேண்டும். அந்தக் கடைக்கு அது இருக்கிறதா என்று மனுவிலேயே கேளுங்கள். கடைக்காரரின் குரல் மாறுவதைக் கேட்பீர்கள்.

மிலிட்டரியில் இருக்கிறாராம், டிரான்ஸ்ஃபராம், ஆர்.எக்ஸ். 35 ஆயிரம்தானாம். வண்டியைப் பார்சலில் அனுப்ப 10 ஆயிரம் அட்வான்ஸ் போட்டேன். இப்போது இன்னும் 8 ஆயிரம் கேட்கிறார். போடலாமா? (கோவை)

போடலாமா என்று கேட்கிறீர்கள் பாருங்கள்! உடனே 1930-க்கு அழைத்து சைபர் குற்றப் புகார் கொடுங்கள், பிறகு என் பதிலைப் படியுங்கள். கண்ணால் பார்க்காத வண்டிக்கு, பார்க்காத ஆளுக்கு, யூனிஃபார்ம் போட்டோவை நம்பிப் பணம் அனுப்புவதை எத்தனை முறை எழுதிவிட்டேன்.

2019-ல் என் ஆர்.எக்ஸ். 135-ஐ ஒரு புரோக்கரிடம் விற்றேன். பெயர் மாற்றுவதற்கான ஃபாரம் 29, 30-ல் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டார். இப்போது ஹெல்மெட் போடவில்லை என்று எனக்கு அபராதம் வருகிறது. வண்டி கடலூரில் ஓடுகிறதாம். (தஞ்சாவூர்)

என் வாயைக் கிளறிவிட்டீர்கள். வெற்று ஃபாரத்தில் கையெழுத்து! வாங்குபவர் பெயர் இல்லை, தேதி இல்லை, கையெழுத்து மட்டும். வீட்டுப் பத்திரத்தை இப்படிக் கொடுப்பீர்களா? வண்டி என்றால் மட்டும் டீ குடித்துக்கொண்டே பெட்ரோல் டேங்கின் மேல் வைத்துப் போட்டுக் கொடுக்கிறோம். புரோக்கருக்கு அது வசதி. தன் பெயருக்கு மாற்றினால் செலவு, ஆகவே அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று அதே ஃபாரத்தோடு வண்டி கை மாறிக்கொண்டே போகும். ஆர்.டி.ஓ. கணக்கில் நீங்களே முதலாளி.

ஹெல்மெட் அபராதத்தோடு நின்றால் உங்கள் அதிர்ஷ்டம். 2018-ல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில், பல கை மாறிய ஒரு கார் விபத்து ஏற்படுத்தியபோது, பதிவுப் புத்தகத்தில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 'நான் எப்போதோ விற்றுவிட்டேன்' என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. சட்டப்படி விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் (வேறு மாநிலத்துக்கு விற்றால் 45 நாள்), வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற வேண்டும்.

வாங்குபவருக்கும் இதில் ஆபத்து உண்டு. பெயர் மாற்றாத வண்டி திருடு போனால் ஸ்டேஷனில் முதல் கேள்வி, 'ஆர்.சி. யார் பேர்ல இருக்கு?' ஊர் பேர் தெரியாத யாரோ ஒருவர் பெயரைச் சொல்லிக்கொண்டு நிற்பீர்கள். திருட்டு வண்டிகள் இவ்வளவு சுலபமாகக் கரைந்துபோவதற்குக் காரணமே, நம் ஊரில் வேறொருவர் பெயரில் ஓடும் வண்டியை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை என்பதுதான். 'அடுத்த வாரம் என்.ஓ.சி. (ஆட்சேபமில்லாச் சான்று) வந்துரும் சார்' என்ற வாக்குறுதியோடு நான் வாங்கிய பழைய ஸ்கூட்டர் ஒன்று இன்றும் மாடிப்படிக்கு அடியில் நிற்கிறது. என்.ஓ.சி. வரவில்லை, ஸ்கூட்டரில் என் மனைவி செடித்தொட்டி வைத்திருக்கிறார்.

நீங்கள் செய்ய வேண்டியது: விற்ற தேதி, புரோக்கர் பெயர், பணம் வந்த ஆதாரம் இவற்றோடு ஆர்.டி.ஓ.வுக்கும் உங்கள் ஊர் ஸ்டேஷனுக்கும் எழுத்து மூலம் கொடுத்து ரசீது வாங்குங்கள். இரண்டையும் ஸ்பீட் போஸ்டிலும் அனுப்புங்கள். அபராதச் சீட்டில் வண்டி ஓட்டியவர் படம் இருந்தால் அதையும் சேருங்கள். பொறுப்பு முழுசாகக் கழன்றுவிடும் என்று சொல்ல மாட்டேன். நாளைக்குக் கோர்ட்டில் நிற்க நேர்ந்தால் காட்ட ஒரு காகிதமாவது இருக்கும்.

15 வருடம் தாண்டிய வண்டியை டெல்லி மாதிரி இங்கேயும் பிடுங்கிவிடுவார்களா? (வேலூர்)

அந்தத் தடை டெல்லிப் பக்கத்துக்கானது. இங்கே எஃப்.சி. காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்தைந்து வருடமாகப் பதிவைப் புதுப்பிக்கலாம். 20 வருடம் தாண்டிய பைக்குக்குப் புதுப்பிப்புக் கட்டணத்தை 2025-ல் 2,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள், ஆர்.எக்ஸ். 100 எல்லாமே அந்தக் கணக்கில்தான் வரும். விலை பேசும்போதே ஆர்.சி. காலாவதியாகாமல் இருக்கிறதா என்று கேளுங்கள். செத்துப்போன ஆர்.சி.க்கு உயிர் கொடுக்கும் செலவும் அலைச்சலும் உங்கள் தலையில்தான் விழும்.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே, திருடு போனால் பணம் வந்துவிடும்தானே? டிஸ்க் லாக் வாங்கினால் போதுமா? (நாகர்கோவில்)

பாலிசியை எடுத்துப் பாருங்கள். பழைய பைக்குகளுக்குப் பெரும்பாலும் தேர்ட் பார்ட்டி (உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கானது) மட்டும்தான் போட்டிருப்பார்கள். திருட்டுக்கு அதில் ஒரு பைசா வராது. முழு பாலிசி கிடைத்தாலும், ஐந்து வருடம் தாண்டிய வண்டியின் மதிப்பு நீங்களும் கம்பெனியும் ஒத்துக்கொள்கிற தொகைதான். நீங்கள் லட்ச ரூபாய்க்கு வாங்கியிருப்பீர்கள், பாலிசியில் பதினைந்தாயிரம் என்றிருக்கும். பிரீமியம் கட்டுமுன் அந்த எண்ணைப் பேசி ஏற்றுங்கள்.

டிஸ்க் லாக்கா? ஆர்.எக்ஸ். 100-க்கு முன்னாலும் பின்னாலும் டிரம் பிரேக். எதில் மாட்டுவீர்கள்? தடித்த சங்கிலி வாங்கி, ஃபிரேமோடு சேர்த்துத் தூணில் கட்டுங்கள். சக்கரத்தை மட்டும் கட்டினால் சக்கரம் மட்டும்தான் மிஞ்சும். தெரிந்த மெக்கானிக்கிடம் சொல்லி இன்ஜின் கிளம்பாமல் தடுக்கும் மறைவான கட்-ஆஃப் சுவிட்ச் ஒன்று வைத்துக்கொள்ளலாம். ஜி.பி.எஸ். கருவி வாங்குவதென்றால் தனி பேட்டரி உள்ளதாகப் பாருங்கள். நான் ஆசைப்பட்டு மாட்டிய மலிவுக் கருவி வண்டியின் சின்ன பேட்டரியை உறிஞ்சித் தீர்த்தது. வண்டி நின்ற இடத்தை அது துல்லியமாகக் காட்டியது, என் வீட்டு வாசல்.

மகன் இன்ஜினீயரிங் சேர்ந்திருக்கிறான். ஹாஸ்டலுக்கு ஆர்.எக்ஸ். 100-தான் வேண்டும் என்கிறான். ஒரு லட்சம் வரை ஆகுமாம். வாங்கிக் கொடுக்கலாமா? (திருச்சி)

இராத்திரி முழுக்க வெட்டவெளியில் நிற்கப் போகிற வண்டிக்கு ஒரு லட்சமா அம்மா? அதே பணத்தில் ஷோரூமில் புது வண்டி, உங்கள் பெயரிலேயே ஆர்.சி., முதல் வருட இன்ஷூரன்ஸோடு வரும். வாங்கிக் கொடுங்கள். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டால், நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.