முதலில் பரணில் இருப்பதை இறக்குங்கள்

கேள்வி: நான் கோவையில் ஒரு ஐடி நிறுவனத்தில் வேலை செய்கிறேன். வயது 44. பழைய கம்ப்யூட்டர்களை வாங்கி, பழுது பார்த்து, ஓட வைப்பது என் பொழுதுபோக்கு. மாடி அறையில் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், கமடோர் 64, பிபிசி மைக்ரோ, அமிகா 500, மேக் எஸ்இ/30 என்று ஒன்பது மெஷின்கள் வைத்திருக்கிறேன். எல்லாமே ஓடும் நிலையில் இருப்பவை. சென்ற மாதம் ஜெர்மனியிலிருந்து ஓர் அமிகா 1200 வரவழைத்தேன். கஸ்டம்ஸ் வரியோடு நாற்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. ஆபீஸ் முகவரிக்குத்தான் பார்சல் வந்தது, ஆனாலும் விஷயம் தெரிந்து வீட்டில் பெரிய சண்டை. "யாரோ தூக்கிப் போட்டதுக்கெல்லாம் உயிர் கொடுக்கிறீங்க" என்கிறாள் மனைவி. இவையெல்லாம் பாதுகாக்க வேண்டிய வரலாறு என்று சொன்னால் காதில் ஏறவில்லை. எனக்குக் குடி, சிகரெட் எதுவும் கிடையாது. தென்காசியில் தனியாக இருக்கும் அப்பாவுக்கு (76) மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறேன். அவர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தியவர். 1992-ல் சீட்டு எடுத்து அவர் வாங்கிய 386 கம்ப்யூட்டர் கூட எங்கள் வீட்டுப் பரணில்தான் இருக்கிறது. அது சாதாரண அசெம்பிள்டு மெஷின், சேகரிப்பவர்கள் யாரும் மதிக்க மாட்டார்கள். "அது ஓடுதாப்பா? பிள்ளைங்க லிஸ்ட் எல்லாம் அதுலதான் இருக்கு" என்று அப்பா போனில் கேட்பார். நேரம் கிடைக்கும்போது பார்க்க வேண்டும். இந்த ஹாபியின் மதிப்பை என் மனைவிக்கு எப்படிப் புரிய வைப்பது?
— வாசகர், கோவை

பதில்:

தம்பி, உங்கள் மனைவியைப் பற்றி அப்புறம் பேசலாம். அப்பாவின் 386 எத்தனை வருடமாகப் பரணில் கிடக்கிறது?

ஒன்பது மெஷின்களை ஓட வைத்திருக்கிறீர்கள். பத்தாவது ஜெர்மனியிலிருந்து வந்து இறங்கிவிட்டது. இத்தனைக்கும் கிடைத்த நேரம், உங்களைப் பெற்றவர் வாயைத் திறந்து கேட்ட ஒரே மெஷினுக்குக் கிடைக்கவில்லை. இதை நீங்கள் மனைவியைப் பற்றிய புகாருக்கு நடுவே, அப்பாவுக்குப் பணம் அனுப்புகிறேன் என்று சொன்ன கையோடு, போகிற போக்கில் எழுதிவிட்டுப் போகிறீர்கள். எனக்கு அதைத் தாண்டி மேலே படிக்கவே முடியவில்லை.

இந்தப் பகுதிக்கு இப்படிப்பட்ட கடிதங்கள் நிறைய வரும். பழைய புல்லட், பழைய கேமரா, கிராமபோன் தட்டு, தபால்தலை என்று பொருள் மாறும். கணவர் வாங்கிக் குவிக்கிறார், மனைவி சண்டை போடுகிறார் என்ற கதை மாறாது. செலவுக்கு ஒரு வரம்பு வையுங்கள், வாங்குவதை மறைக்காதீர்கள் என்று இரண்டு வரியில் பதில் சொல்லிவிடுவேன். உங்களுக்கும் அது பொருந்தும். பார்சலை ஆபீஸுக்கு வரவழைத்தது தவறு என்று உங்களுக்கே தெரியும், அதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த 386 விஷயத்தை அப்படி இரண்டு வரியில் விட முடியாது. என் தம்பி தொண்ணூறுகளில் மதுரையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்தவன். உங்கள் கடிதத்தை அவனுக்குப் படித்துக் காட்டினேன். 386, பரண் என்ற இரண்டு சொல் காதில் விழுந்ததுமே, "பேட்டரியைக் கழட்டிட்டுத்தான் மேலே வெச்சாரா?" என்று கேட்டான். அந்தக் காலத்து மதர்போர்டுகளில், பெரும்பாலும் கீபோர்டு சொருகும் இடத்துக்குப் பக்கத்திலேயே, உருளையாக ஒரு நிக்கல் காட்மியம் பேட்டரியைச் சால்டர் செய்திருப்பார்களாம். வருடங்கள் ஆக ஆக அது கசியும். உள்ளே இருப்பது காரம். அது போர்டின் மேல் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து, முடியிழை போன்ற செம்புத் தடங்களை அரித்துக்கொண்டே போகும். மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அரிப்பு நிற்காது. கோவை வெயிலில், ஓட்டுக்கோ கான்கிரீட்டுக்கோ கீழே, பரணில் இருக்கிறது அந்தப் பெட்டி.

இது உங்களுக்குத் தெரியாத செய்தி என்று நான் நினைக்கவில்லை. அமிகாவில் கைவைக்கிறவருக்குப் பேட்டரி கசிவு தெரியாமல் இருக்க வழியே இல்லை. எஸ்இ/30 வாங்கிய அன்றே அதன் லித்தியம் பேட்டரி வெடித்திருக்கிறதா என்று திறந்து பார்த்திருப்பீர்கள். கமடோருக்குப் பழைய அடாப்டரை நம்பி கரண்ட் கொடுத்திருக்க மாட்டீர்கள். அதன் ஐந்து வோல்ட் எகிறினால் மெமரி சிப்புகள் போய்விடும் என்று முன்கூட்டியே புதிதாக வாங்கியிருப்பீர்கள். பிபிசி மைக்ரோவின் பவர் சப்ளையில் அந்த மஞ்சள் கண்டென்சர்கள் புகை கக்கும் என்று, ஆன் செய்வதற்கு முன்பே மாற்றியிருப்பீர்கள். முகம் தெரியாத ஒருவர் விற்ற மெஷினுக்கு இவ்வளவு பதறுகிற உங்கள் கை, சொந்த வீட்டுப் பரண் வரை ஏன் நீளவில்லை?

காரணத்தையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சேகரிப்பவர்கள் மதிக்க மாட்டார்களாம்.

யார் அந்தச் சேகரிப்பவர்கள்? ஸ்பெக்ட்ரம் 1982-ல் இங்கிலாந்தில் வந்தது. டண்டீயில் இருந்த தொழிற்சாலையில் தயாராகி, அந்த ஊர்ப் பிள்ளைகள் வீட்டு டிவியில் மாட்டி விளையாடியது. கமடோரும் அமிகாவும் ஜெர்மனியில் வீட்டுக்கு வீடு இருந்தவை. இன்று ஐம்பது வயதைத் தாண்டிய அந்தப் பிள்ளைகள் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள் என்றால் அதில் அர்த்தம் இருக்கிறது. அது அவர்கள் அப்பா கடையில் வாங்கி வந்து பிரித்த பெட்டி. அவர்கள் தங்கள் வீட்டைத் தேடிப் போகிறார்கள். நீங்களும் அவர்கள் வீட்டையே தேடிப் போகிறீர்கள். உங்கள் பன்னிரண்டு வயதில் தென்காசியில் அமிகாவைக் கண்ணால் பார்த்திருப்பீர்களா? பிபிசி மைக்ரோவாவது 1984-ல் பள்ளிகளில் கம்ப்யூட்டர் கற்பிக்கும் மத்திய அரசின் 'கிளாஸ்' திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிகள் சிலவற்றுக்கு வந்தது. உங்களுக்கு வாய்த்தது அப்பாவின் 386. வேர்டுஸ்டார், லோட்டஸ், டிபேஸ், ஜிடபிள்யூ பேசிக் என்று அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் சொல்லிக் கொடுத்ததை நீங்கள் காசு கொடுக்காமல் கற்ற மெஷின் அதுவாகத்தான் இருக்கும். இன்று வாங்கும் சம்பளமும், அதில் வாங்கும் அமிகாவும் அங்கிருந்து தொடங்கியவை.

வரலாற்றைப் பாதுகாக்கிறேன் என்று சொல்கிறீர்கள். சரி, அந்த அளவுகோலையே எடுத்துக்கொள்வோம். அமிகாவை நீங்கள் பாதுகாக்காவிட்டால் ஒன்றும் அழிந்துவிடாது. இங்கிலாந்தில் பிளெட்ச்லி பார்க்கில் தேசியக் கம்ப்யூட்டர் அருங்காட்சியகம் இருக்கிறது, அமெரிக்காவில் மவுண்டன் வியூவில் இன்னொன்று இருக்கிறது. ஊர் ஊராக ஆர்வலர்கள் இருக்கிறார்கள். எங்கெங்கிருந்தோ உதிரிகளை வாங்கிக் கோத்து, தைவான் போர்டு போட்டு, ஒரு சிற்றூர் இன்ஸ்டிட்யூட்டில் பத்து வருடம் உழைத்த மெஷினுக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? அந்த வகை மெஷின்கள் ஆயிரக்கணக்கில் காயலான் கடைக்குப் போய், செம்புக்கும் ஈயத்துக்கும் உடைபட்டுவிட்டன. மிச்சம் இருக்கும் ஒன்றைக் காப்பாற்றக்கூடிய ஆள் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான். கைத்திறன் இருக்கிறது, கருவிகள் இருக்கின்றன, உரிமையும் இருக்கிறது.

அப்புறம் அந்த "பிள்ளைங்க லிஸ்ட்". என்ன என்று ஒரு தடவையாவது கேட்டீர்களா? காலை ஆறு மணி பேட்ச்சுக்கு வந்தவர்கள், மாலையில் வேலை முடிந்து வந்தவர்கள், லோயர் தேறியவர்கள், ஹையரில் இரண்டு முறை தவறி மூன்றாவது முறை தேறியவர்கள். அந்தச் சர்டிபிகேட்டை வைத்து அரசு அலுவலகத்தில் தட்டச்சர் வேலைக்குப் போனவர்களும், பஞ்சாயத்து யூனியன் ஆபீஸில் சேர்ந்தவர்களும் அதில் இருப்பார்கள். ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலையின் பெயர்ப் பட்டியல் அது. அவர் கேட்பது மெஷினை அல்ல. அந்த வயதில், தனி வீட்டில், தான் யாருக்கெல்லாம் பயன்பட்டோம் என்று அவர் கணக்குப் பார்க்க நினைக்கிறார். அந்தக் கணக்கு உங்கள் பரணில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

மாதம் தவறாமல் பணம் அனுப்புவதைச் சொன்னீர்கள். நல்லது, அனுப்புங்கள். ஆனால் பெற்றவர்கள் வாய்விட்டுக் கேட்பது மிகவும் குறைவு. பணம் போதவில்லை என்று கூடச் சொல்ல மாட்டார்கள். அப்படிப்பட்டவர் ஒன்றை மறுபடி மறுபடி கேட்கிறார் என்றால், அதைச் செய்த பிறகுதான் மகனுக்கு மற்ற வேலை. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. காலம் மாறிவிட்டது என்று சொல்லி யாராவது இதற்கு எதிராக எனக்கு எழுதினாலும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

எனவே இந்தச் சனிக்கிழமை அந்தப் பெட்டியைக் கீழே இறக்குங்கள். ஆர்வத்தில் பிளக்கைச் சொருகிவிடாதீர்கள். முதலில் மூடியைத் திறந்து, போர்டைப் படம் எடுத்துவிட்டு, அந்தப் பேட்டரியை வெட்டி எடுங்கள். பூத்த இடத்தை நீர்த்த வினிகரால் துடைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவி, நன்றாகக் காய விடுங்கள். அறுந்த தடங்களை ஒயர் போட்டு இணைப்பது உங்களுக்குக் கைவந்த வேலை. பவர் சப்ளையைத் தனியாக, லோடு கொடுத்து, சீரீஸ் பல்பு வழியாகச் சோதித்துப் பாருங்கள். பேட்டரி இல்லாவிட்டாலும் மெஷின் எழுந்திருக்கும். ஹார்டு டிஸ்கின் சிலிண்டர், ஹெட், செக்டார் எண்களை ஒவ்வொரு முறையும் செட்டப்பில் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த எண்கள் டிஸ்கின் மேல் ஒட்டிய தாளில் இருந்தால் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள், நாளாக ஆக அவை அழிந்து போகும். இன்றைய யூஎஸ்பி அடாப்டர்களில் பல அந்தக் காலத்து டிஸ்கைப் படிக்காது என்கிறான் என் தம்பி. அதனால் குறுக்கு வழி தேடாமல் அந்த மெஷினிலேயே ஓட்டிப் பாருங்கள். பழைய மானிட்டரைத் திறக்க வேண்டாம், அதில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். விஜிஏ கார்டுதான் என்றால் இப்போதைய எல்சிடியையே மாட்டலாம்.

டிஸ்க் சுற்ற ஆரம்பித்துவிட்டால் வேறு எதையும் பார்க்க உட்காராதீர்கள். பழைய விளையாட்டு எதுவும் இருக்கிறதா என்று தேடக் கூடாது. மறுமுறை சுற்றும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, முதல் வேலையாக, பட்டியல் இருக்கக்கூடிய டிபேஸ் கோப்புகளை நகல் எடுங்கள். ஒரு மாணவருக்கு நூறு எழுத்து என்று வைத்தாலும் ஐயாயிரம் பேருக்கு ஐந்து லட்சம் எழுத்துதான், ஒரு 1.44 எம்பி ஃப்ளாப்பியில் பாதி கூட நிறையாது. அந்தக் கோப்பை இன்றைய லிபர் ஆபிஸிலும் திறக்கலாம். பழைய ஃப்ளாப்பிகள் கூட இருந்தால் வெளிச்சத்தில் பாருங்கள். தட்டில் பூஞ்சைப் புள்ளி இருந்தால் டிரைவில் போடாதீர்கள், தட்டும் கெடும் டிரைவின் ஹெட்டும் கெடும்.

இன்னொன்று. மஞ்சளாகிப் போன கேபினட்டை உங்கள் மற்ற மெஷின்களைப் போலப் பெராக்சைடு பூசி வெளுக்க வைக்க வேண்டாம். இன்ஸ்டிட்யூட் மெஷின் என்றால் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் எங்காவது காய்ந்து ஒட்டியிருக்கும், அதையும் சுரண்டாதீர்கள்.

இந்த வேலை முடியும் வரை அமிகா 1200-ஐப் பெட்டியை விட்டு வெளியே எடுக்காதீர்கள், புதிதாக எதையும் வாங்காதீர்கள். இந்த இரண்டையும் மனைவியிடம் நீங்களே சொல்லுங்கள். "யாரோ தூக்கிப் போட்டது" என்று அவர் சொன்னதில் கோபம் மட்டும்தான் உங்கள் காதில் விழுந்திருக்கிறது. மாமனாரின் மெஷின் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டுதான் அவர் அப்படிப் பேசியிருப்பார் என்பது என் எண்ணம். ஹாபியின் மதிப்பை அவருக்கு விளக்கத் தேவையே இருக்காது. பரணிலிருந்து பெட்டியை இறக்கும்போது ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

பிறகு மெஷினோடு தென்காசிக்குப் போங்கள். பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். அவர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தன் கையாலேயே டிபேஸைத் திறந்து, பெயர்களைப் பார்க்கட்டும். பள்ளி விடுமுறையாகப் பார்த்து எல்லோருமாகப் போனால் இன்னும் நல்லது.

டிஸ்க் சுற்றவே இல்லை என்றாலும் பயணத்தைத் தள்ளிப்போடாதீர்கள், அந்தச் செய்தியைப் போனில் சொல்லவும் செய்யாதீர்கள். ஒரு நீளக் கோடு போட்ட நோட்டு வாங்கிக்கொண்டு போய், அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த வருடம் யார் யார் படித்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். இன்ஸ்டிட்யூட் நடத்தியவருக்குப் பேட்ச் பேட்ச்சாக நினைவிருக்கும். ஒரு நாளில் முடியாது, லீவு போட்டுவிட்டுப் போங்கள்.