குப்பையில் தொடங்கும் தூய காற்று

கேள்வி: வாகனங்களும் தொழிற்சாலைகளும் மாநகராட்சியின் கட்டுப்பாட்டில் இல்லாதபோது, சென்னையின் காற்று மாசையும் பசுமை இல்ல வாயுக்களையும் குறைக்க அதனால் என்ன செய்துவிட முடியும்?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே செய்ய முடியும், ஏனெனில் குப்பை முழுக்க முழுக்க மாநகராட்சியின் பொறுப்பு. மிஞ்சிய சோற்றையும் காய்கறித் தோலையும் பாலித்தீன் பையில் இறுக முடிந்து கொடுத்தால், அது காற்றுப் புகாத குவியலுக்கடியில் அழுகி மீத்தேனை வெளியிடுகிறது. 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கும் மேலாகப் புவியைச் சூடாக்கும் வாயு அது. எளிதில் தீப்பற்றவும் கூடியது. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைக்கிடங்கு பற்றியெரிந்து, அந்தப் புகை சுற்றுவட்டாரக் குடியிருப்புகளில் பரவியதை மறக்க முடியுமா? பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் பழைய குவியலைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் பணி மேற்கொள்ளப்பட்டது மிக நல்ல செயல். ஆனால், மக்கும் குப்பையைத் தனியே பெற்று அந்தந்தப் பகுதியிலேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்றாவிட்டால், அங்கே புதிய குவியல் வளரத்தான் செய்யும்.

போக்குவரத்தைப் பொறுத்தவரை, சீனாவின் ஷென்சென் நகரம் 2017ஆம் ஆண்டு முடிவதற்குள் 16,000க்கும் மேற்பட்ட பேருந்துகளை மின்சாரத்துக்கு மாற்றியது. சென்னையில் பேருந்துகள் மாநகராட்சியிடம் இல்லை என்பது உண்மையே. எனினும் நடைபாதைகள் பெரும்பாலும் அதனிடம்தான் இருக்கின்றன. நிறுத்தம் வரை நடந்துபோக வழியில்லாதவர், அரை கிலோமீட்டருக்கும் இருசக்கர வாகனத்தைத்தான் எடுப்பார்.

உங்கள் வார்டு உறுப்பினரிடம் முதலில் கேளுங்கள்: தெருவில் பிரித்துக் கொடுக்கும் குப்பை, வண்டியில் ஏறியதும் மறுபடி ஒன்றாகக் கலக்கப்படுகிறதா?